விடாமல் பிடித்த நோன்பும் என் வயிறும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதி வேறு. முந்தி நடந்ததைப் பிந்தியும் பிந்தி நடந்ததை முந்தியும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்பட்டு இத்தனை காலம் வைத்திருந்த விஷயம். எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் மகளுக்குக்கூட இது முழுசாகத் தெரியாது.

இது என் வயிற்றைப் பற்றியது.

ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறினால் கடலோரத்தில் வருகிற ஊர் எங்கள் ஊர். கல்யாணமான மறுவருஷம் அவுக, என் வீட்டுக்காரர், சவுதிக்குப் போய்விட்டாக. அங்கன ஒரு கிட்டங்கியில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. வீட்டில் நானும் மாமியும் மட்டும். மாமா நான் வருவதற்கு முன்பே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். மாமிக்கு அவுக ஒரே பிள்ளை. அதனால் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் மாமிக்கு இரண்டு கண். ஒரு கண் மருமகளைப் பார்க்கும், இன்னொரு கண் மகன் விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்க்கும். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்தவர்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கருவாட்டுக் கிட்டங்கி. மார்கழியில் வாடைக்காற்று அடித்தால் அந்தத் தூசியெல்லாம் எங்கள் முற்றத்தில்தான் வந்து இறங்கும். அதில் எனக்கு இழுப்பு வந்தது. படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியவைக்க வேண்டும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். மாமி சுக்கு, மிளகு, ஓதிய தண்ணீர் எல்லாம் கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை.

பஜாரில் ஒருத்தர் ஊசி போடுவார். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. எங்கேயோ ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்துவிட்டு வந்து தனியாக ஒரு அறை போட்டவர். ஊரே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடும். அவர் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு மூன்று வேளையும் போடச் சொன்னார். இரண்டாம் நாளே மூச்சு திறந்துவிட்டது. குழாயில் அடைப்பு எடுத்த மாதிரி. அன்றைக்கு நான் அந்த மனுஷருக்காக துஆ கேட்டேன், பொய் சொல்லவில்லை. தீர்ந்ததும் மறுபடி வாங்கினேன். எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆம்பிளையிடம் நின்று கேள்வி கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. பிறகு பிறகு நான் போவதையும் விட்டுவிட்டேன். வீடு வீடாக மீன் கொண்டுவருகிற அக்கா ஒருத்தி, பஜார் வழியாக வரும்போது வாங்கிவந்து பின்வாசலில் கொடுத்துவிடுவாள்.

முதலில் முகம் வந்தது. எனக்குக் குழி விழுந்த கன்னம். அது நிரம்பி, உருண்டு, பௌர்ணமி மாதிரி ஆனது. எல்லாருக்கும் சந்தோஷம். மீன்கார அக்கா கூடையை இறக்கும்போதே, "என்ன புள்ள, சீலா மீனு கணக்கா தளதளன்னு ஆயிட்ட. சவுதிக் காத்து இங்கன வரைக்கும் அடிக்குதாக்கும்" என்பாள். மாமிக்கும் பெருமை. பின்பக்கத்து முடுக்குச் சந்து வழியாக வருகிற பெண்களிடம், "எம் மவன் வேர்வை எம் மருமவ கன்னத்துல தெரியுது" என்று சொல்லிக்கொள்வார்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். முகத்தோடு நிற்காமல் வயிறும் வந்தது. வயிறும், பிடரிக்குக் கீழே ஒரு திமிலும். ஆனால் கையும் காலும் மெலிந்துகொண்டே போனது. வளையல் முழங்கைக்கு ஏறும். ரவிக்கைக்குப் பட்டன் போட முடியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க, தரையில் கை ஊன்ற வேண்டும். ஒரு உடம்பில் இரண்டு பேர் இருக்கிற மாதிரி, ஒருத்தி ஊத ஒருத்தி காய. பசியும் வந்தது, அதை மறைக்கமாட்டேன். தட்டைக் கழுவுவதற்குள் மறுபடி பசிக்கும். ஆனால் திருடித் தின்னவில்லை.

மாமி அப்படித்தான் நினைத்தார். சவுதியிலிருந்து வந்த பால் பவுடர், பேரீச்சம்பழம், பிஸ்கட் எல்லாம் மர அலமாரிக்குள் போயின. பால் பவுடர் டின்னை மூடுவதற்கு முன்னால் மாவைத் தட்டிச் சமப்படுத்தி, நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்து வைப்பார். மறுநாள் திறந்தால் அந்தக் கோடு அப்படியே இருக்க வேண்டும். அப்படியேதான் இருந்தது, ஒருநாளும் கலையவில்லை. கலையாத கோட்டையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்ப்பார். அவருக்கும் கணக்கு உதைத்தது. அதற்காகச் சந்தேகம் போகவில்லை. அடுப்படியில் பூனையைத் திட்டுகிற மாதிரி, "எம் புள்ள அங்கன வெயில்ல காயுது. இங்கன ஒண்ணு ஊதிக்கிட்டுப் போகுது" என்பார். பூனை எழுந்து போய்விடும். நான்தான் நிற்பேன்.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மாத்திரை மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூச்சைக் கொடுத்த மாத்திரை. அது எப்படி இப்படிச் செய்யும்?

இனிமேல் எழுதப்போவதுதான் கூச்சமான இடம்.

எங்கள் வீடுகளில் மாசவிலக்கைப் பேர் சொல்லிப் பேசமாட்டோம். "எனக்குத் தொழுகை இல்ல" என்போம். அவ்வளவுதான், புரிந்துகொள்வார்கள். அதைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தொழும்போது போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டி ஒவ்வொருத்திக்கும் ஒன்று, உள்ளறைக் கயிற்றில் தொங்கும். எடுக்காமல் தொங்கினால் அவளுக்குத் தொழுகை இல்லை என்று அர்த்தம். எனக்கு அந்த மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச காலத்தில் அது தள்ளித் தள்ளிப்போய், பிறகு அடியோடு நின்றுவிட்டது. அவுக சவுதிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. யாரிடம் சொல்வேன்? என் உம்மா உயிரோடு இல்லை. மற்ற மாசங்களில் நான் தொழுவதும் தொழாததும் மாமி கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு அலமாரிதான் கவலை.

அப்போது நோன்பு மாசம் வந்தது. ஆனி, ஆடி வெயிலில் வந்த நோன்பு.

நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்த முப்பது நோன்பையும் ஒன்று விடாமல் பிடிப்பது. விடியுமுன் சஹருக்குக் கொஞ்சம் சோறு, நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், கஞ்சி. பகல் முழுக்க மாமி கண் முன்னாலேயே இருப்பது. அப்போது திருடித் தின்கிறேனா இல்லையா என்று தெரிந்துபோகும். உடம்பும் இறங்கும். பகல் மாத்திரையை விட்டுவிட்டு சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று என்று போட்டுக்கொண்டேன். பத்து நோன்பு போனது, பதினைந்தும் போனது. மாமி முகத்தில் கொஞ்சம் தெளிச்சி தெரிந்தது என்றுகூட நினைத்தேன். பெண்பிள்ளைக்கு முப்பது நோன்பும் முழுசாகக் கிடைக்காது, நடுவில் சில நாள் விட்டுப் பிறகு களாவாகப் பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஒரு பழியைத் துடைக்கிற அவசரத்தில் அதை நான் யோசிக்கவே இல்லை.

மாமி யோசித்துவிட்டார்.

நோன்பு திறக்கிற நேரம். பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சியை மாமி கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"ஏ புள்ள, இந்த மாசம் ஒன் துப்பட்டிக்கு ஓய்வே இல்லையா?"

"இல்ல மாமி" என்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"போன மாசம்?"

 கஞ்சி கிண்ணத்தை மீறி வழிந்து தரையில் ஓடியது. மாமி ஊற்றிக்கொண்டே இருந்தார். பாங்கு சொன்னார்கள். இரண்டு பேரும் நோன்பு திறந்தோம். 

அடுத்த நாள் துப்பட்டியைத் தொங்கவிட்டுவிடலாமா என்று நினைத்தேன். தொழுகை இல்லை என்று ஒரு பொய். ஆனால் நோன்பில் பொய் சொல்லி நோன்பை விடுவதா? விட்டால் அல்லாஹ்விடம் மாட்டுவேன், விடாவிட்டால் மாமியிடம். ஒவ்வொரு வேளையும் கையை நீட்டித் துப்பட்டியை எடுத்துக்கொண்டேன்.  மாமி வாசல்நிலையில் நின்று அதைப் பார்ப்பார்.

வயிற்றைத் திறந்து காட்டி, பாருங்கள் ஒன்றுமில்லை என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. வயிற்றில் வரி இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு விழுகிற வரி, அதைவிட அகலமாக, கத்திரிக்காய் நிறத்தில். பிள்ளையே பெறாத என் வயிற்றில் அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. குளிக்கும்போது நானே குனிந்து பார்க்கமாட்டேன். என் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் உடம்பு எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது. அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்?

மாமி என்னை அடிக்கவில்லை. சத்தம் போடவில்லை. பின்வாசல் கதவுக்கு உள்பூட்டுப் போட்டார். முடுக்கு வழியாகப் பெண்கள் வந்தால் நான் உள்ளறையை விட்டு வரக்கூடாது. மீன்கார அக்காவை முன்வாசலோடு அனுப்பிவிட்டார். அவள் அங்கன நின்று, "எங்கே என் சீலா மீனு?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "அவளுக்கு மேலுக்குச் சொகமில்ல" என்றார் மாமி. அவள் கூடையில்தான் என் மாத்திரை இருந்தது. கையில் இருந்த மாத்திரை அதோடு தீர்ந்துபோயிற்று.

பிறகு அந்த டேப்பு.

அப்போதெல்லாம் சவுதிக்குக் கடுதாசி எழுதுவதைவிட டேப்பில் பேசி அனுப்புவது வழக்கமாகியிருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு வசதி. ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும். அவுக அனுப்பிய டேப் ரெக்கார்டரை மாமி முன்னறையில் வைத்து, மகன் தூரத்தில் இருக்கிறான் என்பதால் கத்திக் கத்திப் பேசுவார். மற்ற நாளாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அடுத்த தெருவில் ஒருவர் பெருநாள் கழிந்து சவுதிக்குப் போவதாக இருந்தார். மாமி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அன்றைக்குக் கத்தவில்லை. ஆனாலும் எனக்கு உள்ளறையில் கேட்டது.

"மகனே, அவ வயித்தப் பாத்தா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. நான் என்னத்தச் சொல்ல. எந்த வாயால சொல்ல. நீயே வந்து பாத்துக்க."

பெருநாளுக்குப் பிறகு அந்தக் குரல் கப்பலேறியோ விமானமேறியோ போய்விடும். அவுக காதுக்குப் போனால் அப்புறம் நான் எங்கன போவேன்? தாய் இல்லை. அண்ணன் வீட்டில் அவன் பிள்ளைகளுக்கே இடமில்லை. உள்ளறையில் ஒரு சின்ன ஜன்னல், கருவாட்டுக் கிட்டங்கியின் சுவர்ப் பக்கம். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நோன்பை விடவில்லை.

மாத்திரை நின்ற பிறகு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதலில் வாந்தி. கஞ்சி நிற்கவில்லை, தண்ணீர் நிற்கவில்லை. வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டு மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் நினைத்தது ருசுவாகிவிட்டது என்று. பிறகு எழுந்தால் கண் இருட்டும். சாயங்கால அஸர் தொழுகைக்கு எழுந்து துப்பட்டியை இழுத்தது வரைக்கும் நினைவிருக்கிறது. துப்பட்டியோடு கயிறும் அறுந்து என் மேல் விழுந்தது என்று மாமி பிறகு சொன்னார்.

என்னை வாடகைக் காரில் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனது மாமிதான். அதை நான் எப்போதும் சொல்வேன். இவள் செத்தால் அவமானமும் இவளோடு போகும் என்று ஒரு மாமியார் நினைத்திருக்கலாம். அவர் நினைக்கவில்லை. வழி முழுக்க என் தலையைத் தன் மடியில் வைத்து ஓதிக்கொண்டே வந்தார்.

அங்கே ஒரு லேடி டாக்டர். கண்ணாடி போட்டவர், கோபக்காரர். கையில் ஊசியைக் குத்திப் பாட்டில் ஏற்றினார். சேலையை விலக்கி வயிற்றைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமி அப்போதுதான் அந்த வரிகளை முதன்முதலாகப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்றது எனக்குக் கேட்டது. எத்தனை மாசம் என்று மாமியே டாக்டரிடம் கேட்டார்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, மூத்திரம் எடுத்துச் சோதித்துவிட்டு வந்து, "என்ன மாத்திரை சாப்பிட்ட?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். எத்தனை காலமாக என்று கேட்டார். சொன்னேன். மாமி பக்கம் திரும்பினார்.

"இந்த வயித்துல இருக்கிறது பிள்ளை இல்லம்மா. மாத்திரை."

அப்புறம் அவர் சொன்னதை எனக்குப் புரிந்தமட்டில் எழுதுகிறேன். நம் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி வைத்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். பயம், கவலை, நோவு, பட்டினி எது வந்தாலும் அது ஒரு நீரைச் சுரந்து உடம்பைத் தாங்கிப்பிடிக்குமாம். நான் சாப்பிட்ட மாத்திரை அதே நீர் செய்கிற வேலையைச் செய்வதாம். வெளியிலிருந்து நிறைய வந்துகொண்டே இருந்தால், கை காலில் இருக்கிற சதையைக் கரைத்து, முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் கொழுப்பாகக் கொண்டுபோய் வைக்குமாம். தோல் மெலிந்து வரி விழுமாம். மாசவிலக்கும் நின்றுபோகலாமாம். அதற்குள் உள்ளே இருக்கிற சுரப்பி, நமக்கு இங்கே வேலை இல்லை என்று தூங்கிவிடுமாம். அந்த நேரத்தில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. உயிருக்கே ஆபத்தாம்.

"இந்த வெயில்ல, இந்த உடம்போட நோன்பு வேற பிடிக்க விட்டிருக்கீங்க" என்று டாக்டரம்மா மாமியைத் திட்டினார்.  அவர் திட்டி முடித்த பிறகு மாமி, "கோட்ட அவ கலைக்கவே இல்ல, டாக்டரம்மா" என்றார். டாக்டரம்மாவுக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது, பால் பவுடர் டின்னில் இழுத்த கோடு.

இனி இந்த மாத்திரை வேண்டாம் என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதே மாத்திரையைத்தான் மறுபடி கையில் வைத்தார்கள். சுரப்பி விழிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். விட்டாலும் சாவு, விடாவிட்டாலும் ஊதல். ஒரு வருஷத்துக்கு மேல் அதை முழுசாக, பிறகு அரையாக, பிறகு காலாக உடைத்து உடைத்து விழுங்கினேன். 

வீடு திரும்பிய அன்றைக்கே மாமி முன்னறைக் கதவைச் சாத்தினார். டேப்பில் முன்பு பேசியதற்கு மேலேயே மறுபடி பேசினார். இந்தத் தடவை பழையபடி கத்தினார். கருவாட்டு விலை, மழை இல்லாதது, பெருநாளைக்குச் சேலை எடுக்காதது எல்லாம் சொல்லிவிட்டு, "ஒம் பொஞ்சாதிக்கு மேலுக்கு முடியாமப் போச்சு. மாத்திரையில ஊதிப்போயிட்டா. நீ வந்து பாக்கயில யாருன்னு கேட்டுறாத" என்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. பின்வாசல் பூட்டைக் கழற்றினார். இழுப்பு வராமலிருக்கக் கருவாட்டுக் கிட்டங்கிப் பக்கத்து ஜன்னலுக்குச் சாக்கு கட்டினார். மாமியிடம் மன்னிப்பு என்பது அப்படித்தான் வரும்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில மாசம் கழித்து அவுக லீவில் வந்தாக. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்வை முதலில் என் வயிற்றுக்குப் போனது, அப்புறம்தான் முகத்துக்கு வந்தது. யாரென்று கேட்கவில்லை. பேசினாக, சிரித்தாக, சென்ட் பாட்டிலைக் கையில் கொடுத்தாக. சாப்பிட்ட பிறகு நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாக.

"உம்மா பேசி முடிச்ச பிறவும் டேப்பு ஓடிக்கிட்டே கெடந்துச்சு. நான் நிப்பாட்டல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாமி இரண்டாவது பேசியது குறைச்சல். முதலில் பேசியது நீளம். மேலே பேசியதில் அழியாமல் அதன் வால் மிச்சம் இருந்திருக்கிறது. ஈரக்கொலை நடுங்குது என்ற பேச்சு மிச்சத்தில் இருந்ததா, நீயே வந்து பாத்துக்க என்பது மட்டும் இருந்ததா, நான் கேட்கவில்லை. டாக்டரம்மா சொன்னதெல்லாம் சொன்னேன். மாத்திரை, சுரப்பி, மாசவிலக்கு நின்றது, எல்லாம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாக. "சரி" என்றாக. மாமியைச் சாட்சிக்குக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவுகளும் கூப்பிடவில்லை.

அந்தச் 'சரி'க்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குள்தான் நான் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தேன்.

மாசவிலக்கு திரும்ப வந்தது. மகள் பிறந்தாள். அவுக நல்ல மனுஷர், ஒருநாளும் சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் வாசலில் அந்தப் பார்வை. முதலில் வயிறு, பிறகுதான் முகம். வருகிற தேதி தெரிந்ததிலிருந்தே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். முகம் வற்றிவிட்டது, திமில் கரைந்துவிட்டது, வரிகள் வெளுத்து வெள்ளியாகிவிட்டன. வயிறு மட்டும் போகவே இல்லை. அரை வயிறு சாப்பிட்டேன். உப்பளத்து ரோட்டில் நடந்தேன். கொஞ்சம் இறங்கும், லீவுக் காலம் நெருங்கினால் பழையபடி ஏறிவிடும். மாமி கடைசிக் காலத்தில் என் கையால்தான் குடித்தார், என் கையில்தான் போனார். அவர் இருக்கும்போதே அவுகளிடம், அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் மாமி என்று கேட்டிருக்கலாம். கூச்சம். வாய் வரை வந்து நின்றுவிடும்.

அவுக சவுதியை முடித்துக்கொண்டு வந்து பல வருஷம் கழிந்து எனக்குச் சர்க்கரை வந்தது. இப்போது ஐந்தாறு வருஷத்துக்குள் நடந்ததுதான் இது. ராமநாதபுரத்தில் ஒரு இளவட்ட டாக்டர். எங்கள் மகளைவிடச் சின்னவர். பொறுமையாகப் பேசுவார். அவுகளும் கூட வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாக. குறைச்சுச் சாப்பிடுங்க, நடங்க என்று டாக்டர் சொன்னபோது, எனக்கு என்ன தைரியம் வந்ததோ, அதெல்லாம் செய்தாச்சு, இந்த வயிறு கேட்காது, இது மாத்திரையில் வந்த வயிறு என்று பழைய கதையைச் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கொழுப்பு என்றால் சும்மா கட்டிவைத்த மூட்டை மாதிரி கிடப்பது இல்லை, அதுவும் வேலை செய்கிற உறுப்பு என்றார். கவலைக்குச் சுரக்கிற அந்த நீர் வேலையை முடித்ததும் உடம்பு அதைச் செயலற்றதாக மாற்றிவிடுமாம். ஆனால் கொழுப்புக்குள், முக்கியமாக ஆள் பருமனாக இருந்தால், அந்தச் செயலற்ற நீரைப் பிடித்து மறுபடி உயிர் கொடுக்கிற ஒரு பொருள் இருக்கிறதாம். ரத்தத்தில் சோதித்தால் அளவு சரியாகவே காட்டும். கொழுப்புக்குள் மட்டும் கூடி நிற்கும். அது இன்னும் கொழுப்பைச் சேர்க்கச் சொல்லும். சேர்ந்த கொழுப்பு மறுபடி அதையே செய்யும்.

"சுத்திச் சுத்தி வந்துரும்மா. ஒங்களுக்கு அதுதான்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். வயசும் இருக்கு, கவலையும் இருக்கலாம். இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்றார்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முடிந்துபோன பயத்தை இந்த வயிறு தட்டி எழுப்பி எழுப்பி வைத்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். டாக்டர் சொன்னது அப்படித்தானா தெரியாது.

நான் எழுந்தேன். அவுக மட்டும் எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாக. தொண்டையைச் செருமினாக.

"டாக்டர் தம்பி, அந்த மாத்திரையில மாசவிலக்கும் நின்னு போகுமா?"

நான் தரையைப் பார்த்தேன். எங்கள் ஆம்பிளைகள் அந்த வார்த்தையை வாயில் எடுக்கமாட்டார்கள். பொண்டாட்டியிடமே எடுக்கமாட்டார்கள். அவுக அதை ஒரு சின்னப் பையனிடம் கேட்டாக.

"நிக்கும் அய்யா. அவ்வளவு மாத்திரை சாப்பிட்டா நின்னு போறது சகஜம். வயித்துல வரி விழுந்திருக்குமே?"

"விழுந்துச்சு" என்றாக அவுக.

வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தாக. பஸ்ஸில் பெண்கள் பக்கம் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாக.  ஊர் எல்லை வந்து உப்பளம் தெரிய ஆரம்பித்தது.

"நீ அன்னைக்கே சொன்ன" என்றாக.

"ஆமா. சொன்னேன்" என்றேன்.

 சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கு வந்தது சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அந்தக் கேள்வி அவுகளிடம் இருந்தது என்பதும் அன்றைக்குத்தானே எனக்குத் தெரிந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாக. என் முகத்தைப் பார்த்தாக.

போன வருஷம் அவுக மௌத்தாகிவிட்டாக. அவுகளுக்காக இத்தா இருந்த நாலு மாசம் பத்து நாளும், வெளியே போகாமல் உள்ளறையில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். வயிறு இன்னும் இருக்கிறது.

நான் எழுதியதில் மருத்துவத்துக்குச் சம்பந்தப்பட்டதெல்லாம் காதால் கேட்டது. இரண்டு டாக்டர்கள் சொன்னதையும் நான் மாற்றி எழுதியிருக்கலாம். அந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது, கொழுப்பு அந்த நீருக்கு மறுபடி உயிர் கொடுப்பது மெய்தானா, மாத்திரையில் விலக்கு நிற்பது எல்லாருக்கும் உண்டா, படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். மகளிடம் கேட்க எனக்குக் கூச்சம். ஊரும் பேரும் தெரியாத ஒருத்தர் பார்த்துச் சொன்னால் போதும். சரியாக இருக்க வேண்டும். அவுக அதை நம்பித்தான் போனாக.